முனைவு வெப்பமும் தெற்கின் குளிரும்: ஒரு கருதுகோளை விதியாக்குவோருக்கு மறுப்பு

2015 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபையிலே உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோவ் என்பார், வெளியிலிருந்து கொண்டுவந்த பனியுருண்டை ஒன்றைக் கையிலேந்தி நின்றார். வாசிங்ரன் நகரிலே குளிர் கடுமையாயிருக்கிறது. ஆகவே உலகம் வெப்பமடைகிறது என்னுங் கூற்று ஐயத்துக்குரியது என்பதே அவர் கூறவந்தது. ஒரு நகரின் ஒரு நாட் குளிரைக் கொண்டு பூமி முழுவதன் நூற்றாண்டுப் போக்கை அளக்க முற்பட்ட அச்செயலைக் கண்டு அறிந்தோர் நகைத்தனர். நகைத்தது முறையே. ஆனால், நகைத்தோருட் பலர் அதே காலத்திலே தமக்கெனவும் ஒரு பனியுருண்டையைத் திரட்டிக்கொண்டிருந்தனர் என்பதை எவரும் எடுத்துக்காட்டினாரல்லர்.

வட அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கிழக்காசியாவிலோ கடுங்குளிர் அலை ஒன்று வீசும்போதெல்லாம், ஆட்டிக் பிரதேசம் வெப்பமடைகிறது, அதனாலேயே தெற்கு உறைகிறது என்று உடனே விடை பகர்வது இன்று வழக்காகிவிட்டது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் மட்டுமன்றிக் கற்றறிந்தோரும் இவ்விடையை நியூற்றனின் விதிகளை எடுத்தாளுவது போல எடுத்தாளுகின்றனர். இக்கட்டுரை அவ்வழக்கை மறுக்கின்றது. உலகம் வெப்பமடைவதை மறுப்போரின் அணியிலே நின்று நாம் இதனை எழுதவில்லை. அவ்வுண்மையை முழுதும் ஏற்றுக்கொண்டு, அதன் பெயரால் நடைபெறும் அவசர முடிபுகளையே மறுக்கிறோம். நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி வேண்டியதில்லை. அரைகுறைச் சாட்சியும் வேண்டியதில்லை.

முதலில், விவாதத்துக்கு அப்பாற்பட்டவை எவை என்பதை வரையறுத்துக்கொள்வோம். வளிமண்டலத்திலே காபனீரொட்சைட்டு மிகுமாயின் முனைவுப் பகுதிகளே கூடுதலாக வெப்பமடையும் என்னும் எண்ணம் புதியதன்று. சுவீடன் தேச விஞ்ஞானி அரேனியஸ் 1896 இல் செய்த கணிப்புகளிலேயே அதன் வித்து உண்டு. மனாபேயும் வெதரால்டும் 1975 இல் வெளியிட்ட கணனி மாதிரியுரு அதனைத் தெளிவாகக் காட்டிற்று. வெண்பனி உருக, ஞாயிற்றின் ஒளியைத் தெறிக்கச் செய்யும் பரப்புக் குறைகிறது. வெளிப்பட்ட கருங்கடல் கோடையிலே வெப்பத்தை உறிஞ்சி, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வளிக்கு அதனைத் திருப்பிக் கொடுக்கிறது. முனைவுப் பகுதியின் குளிர்ந்து கனத்த கீழ்வளி மேல்வளியோடு எளிதிற் கலவாமையால், அவ்வெப்பம் நிலப்பரப்பை அடுத்தே தங்குகிறது. பின்லாந்து வானிலை நிறுவன ஆய்வாளர் 2022 இல் வெளியிட்ட கணக்கின்படி, 1979 தொடக்கம் 2021 வரை ஆட்டிக் பிரதேசம் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. 1980களிலே செப்ரெம்பர் மாதத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீற்றரில் பரந்திருந்த கடற்பனிக்கட்டி, 2012 செப்ரெம்பரில் ஏறத்தாழ 34 இலட்சமாகக் குறுகிற்று. இவை அளந்தறிந்த உண்மைகள். இவற்றோடு எமக்குப் பிணக்கு இல்லை.

பிணக்கு அடுத்த அடியிலேயே தொடங்குகிறது. முனைவு இவ்வாறு வெப்பமடைவதால் தாழ்ந்த அகலக்கோடுகளின் குளிர்காலம் எவ்வாறாகும் என்பதே வினா. இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடையை அதன் சார்பாளர் கூறும் வலிமையோடேயே முதலில் எடுத்துரைப்பது நேர்மையாகும்.

வடவரைக்கோளத்தின் இடை அகலக்கோடுகளுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து பாயும் காற்றோட்டத்தை அருவித்தாரை என்பர். வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடே அதற்கு விசை ஊட்டுகிறது. முனைவு கூடுதலாக வெப்பமடையின் அவ்வேறுபாடு குறையும்; குறையவே அருவித்தாரை தளரும்; தளர்ந்த ஓட்டம், சமவெளியை அடைந்த ஆறு போலப் பெருவளைவுகளாக நெளியும்; நெளிவின் தெற்கு வளைவிலே முனைவுக் குளிர் தெற்கே இறங்கி நாட்கணக்கில் நிலைகொள்ளும். ஜெனிபர் பிரான்சிஸ், ஸ்ரீபன் வவ்றஸ் ஆகிய இருவரும் 2012 இல் முன்வைத்த கருதுகோளின் சாரம் இதுவே. இதற்குத் துணையாக இன்னொரு வழியும் கூறப்படுகிறது. குளிர்காலத்திலே முனைவுக்கு மேலே படைமண்டலத்தில் ஒரு பெருஞ்சுழல் நிலவும். பாரன்ற்ஸ், காரா கடல்களிற் பனிக்கட்டி குறைவதால் எழும் அலைகள் மேனோக்கிச் சென்று அச்சுழலைக் கலைக்கும் அல்லது நீட்டும். கலைந்த சுழலின் விளைவு சில வாரங்களிற் கீழிறங்கிக் கண்டங்களைக் குளிர்விக்கும் என்பது அவ்வழி.

இவை அறிவுடையோரின் கருதுகோள்கள். பௌதிக அடிப்படை உடையவை, ஆராயத்தக்கவை. எமது குற்றச்சாட்டு இவற்றை முன்வைத்தோர் மீதன்று. கருதுகோளாகப் பிறந்ததைச் சோதனைக்கு முன்னரே விதியாக முடிசூட்டியோர் மீதே அது சாரும்.

முடிசூட்டு விழா 2014 ஜனவரியில் நிகழ்ந்தது எனலாம். அம்மாதம் வட அமெரிக்காவை வாட்டிய குளிர், முனைவுச் சுழல் என்னும் கலைச்சொல்லை ஆய்வுகூடத்திலிருந்து தெருவுக்கு இழுத்து வந்தது. அமெரிக்க சனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகர் ஜோன் ஹோல்ட்ரன் தோன்றிய இரண்டு நிமிடப் படத்துண்டு ஒன்றை வெள்ளை மாளிகையே வெளியிட்டது. உலகம் வெப்பமடைவது தொடர, இத்தகைய கடுங்குளிரைக் கூடுதலாக எதிர்பார்க்கலாம் என்னும் கருத்து அதிலே கூறப்பட்டது. அடுத்த மாதமே வாலஸ், ஹெல்ட், தொம்சன், றென்பேத், வோல்ஷ் ஆகிய ஐந்து வளிமண்டலவியலாளர் 'சயன்ஸ்' சஞ்சிகையிற் கடிதம் எழுதி இத்தொடர்பை ஐயுற்றனர். இவர்களில் ஒருவரேனும் உலகம் வெப்பமடைவதை மறுப்பவரல்லர். அத்துறையின் முன்னணி அறிஞர்கள். எனினும் ஆலோசகரின் இரண்டு நிமிடங்கள் உலகைச் சுற்றிவந்தன; ஐவரின் கடிதம் நூலகத்தின் அலுமாரியிலே தங்கிவிட்டது.

இனி எமது ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது ஆட்சேபம் வரலாறு சார்ந்தது. ஆட்டிக் வெப்பமடைதலே தெற்கின் கடுங்குளிருக்குக் காரணமெனின், ஆட்டிக் வெப்பமடைவதற்கு முன்னர் அத்தகைய குளிர் அரிதாயிருந்திருத்தல் வேண்டும். பதிவேடுகள் கூறுவது யாது? 1899 பெப்ரவரியிலே முனைவுக் குளிர் அமெரிக்காவின் தென்கோடி வரை இறங்கிற்று. புளோரிடா மாநிலத்தின் தலஹாசி நகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18.9 பாகை செல்சியசாக வீழ்ந்தது; இன்று வரை அம்மாநிலத்தின் ஆகக் குறைந்த வெப்பநிலை அதுவே. மிசிசிப்பி ஆற்றிலே பனிக்கட்டிகள் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கடந்து குடாக்கடலுக்குட் சென்றன. இங்கிலாந்து 1962-63 இல் கண்ட குளிர்காலம் 1740 இற்குப் பின்னர் அந்நாடு கண்டவற்றுள் மிகக் கடியது. சிக்காக்கோவின் ஆகக் குறைந்த வெப்பநிலை, பூச்சியத்துக்குக் கீழ் 32.8 பாகை, 1985 ஜனவரி 20 இல் பதிவாயிற்று. மறுநாள் சனாதிபதி றேகனின் பதவியேற்பு வைபவம் குளிருக்கு அஞ்சிக் கட்டடத்தினுள்ளே நடைபெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்திலும் முனைவுச் சுழல் சிதைந்தே இருந்தது. ஆனால் அப்போது ஆட்டிக் கடலிலே பனிக்கட்டிக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

தாழ்ந்த அகலக்கோட்டு உதாரணம் ஒன்றும் மனங்கொள்ளத்தக்கது. 2016 ஜனவரி 24 இல், வட அகலக்கோடு 22 பாகையில் உள்ள ஹொங்கொங் நகரில் வெப்பநிலை 3.1 பாகையாகக் குறைந்தது. 1957 இற்குப் பின்னர் அதுவே குறைந்த அளவு. உடனே ஆட்டிக்கின் பெயர் உச்சரிக்கப்பட்டது. ஆனால் அதே நகரிலே 1893 ஜனவரி 18 இல் பூச்சியம் பாகை பதிவாகியிருந்ததை நினைவூட்டியோர் சிலரே. 1893 இலும் 1899 இலும் 1963 இலும் 1985 இலும் வேறு காரணத்தால் நிகழ்ந்த ஒன்று, 2014 முதல் மட்டும் புதுக் காரணத்தால் நிகழ்கிறது என்போர், அதனை நிறுவும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். குளிர் அலைகள் முன்னிலும் பெருகியிருப்பின் அதுவும் ஒரு சான்றாகும். அவையோ பெருகவில்லை. நிலப்பகுதிகளிற் பெரும்பாலானவற்றில் 1950களின் பின்னர் கடுங்குளிர் நிகழ்வுகள் எண்ணிக்கையிலும் கடுமையிலும் குறைந்துள்ளன என்பதை, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளிடைக் குழுவின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை ஏறக்குறைய முழு நிச்சயத்தோடு கூறுகின்றது.

இரண்டாவது ஆட்சேபம் காரணகாரியம் பற்றியது. முனைவு வெம்மையாயுள்ளபோது தெற்கு குளிராயிருக்கின்றது என்பது பல குளிர்காலங்களிலே காணப்பட்ட உண்மை. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே தோன்றுவதால் ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது எனல் தருக்கமாகாது. இரண்டுக்கும் மூன்றாவதொரு தாய் இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலே கிறீன்லாந்திற் பணியாற்றிய டென்மார்க் நாட்டுச் சமயப் போதகர் சாபி என்பார், டென்மார்க்கில் குளிர்காலம் கடுமையாயிருக்கும்போது கிறீன்லாந்தில் அது மென்மையாயும், இங்கு மென்மையாயின் அங்கு கடுமையாயும் அமைவதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1770களில் மனிதர் எரித்த நிலக்கரி உலகை வெப்பமாக்கும் அளவினதன்று. இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராயிருந்த கில்பேட் வோக்கர், பருவமழையை முன்னறிய வழி தேடிய முயற்சியிலே, இவ்வூசலாட்டத்தை அத்திலாந்திக்கின் வடபகுதி அமுக்க வேறுபாடுகளோடு இணைத்து, வட அத்திலாந்திக் அலைவு எனப் பெயரிட்டார்.

அதன் விளக்கம் எளிது. வளிமண்டலத்தின் பேரலை ஒன்று ஒரு புறத்திலே வெப்ப வளியை வடக்கே ஏற்றும். மறுபுறத்திலே குளிர் வளியைத் தெற்கே இறக்கும். ஏற்றியதனால் முனைவு வெம்மையுறும், பனிக்கட்டியும் குறையும். இறக்கியதனால் கண்டம் குளிரும். துலாவின் ஒரு முனை தாழ்ந்ததால் மறுமுனை உயர்ந்தது என்று கூறலாம். ஆனால் துலாவை மிதித்தவனை மறந்துவிடலாகாது. பிளக்போட், ஸ்கிறீன் முதலியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இதனையே சோதித்தது. பனிக்கட்டிக் குறைவும் தெற்கின் குளிரும் ஒருங்கே நிகழும் குளிர்காலங்களில், வளியிலிருந்து கடலுக்கு வெப்பம் சென்றதா, கடலிலிருந்து வளிக்கு வந்ததா என்பதை ஆராய்ந்து, வளிமண்டல ஓட்டமே இரண்டையும் இயக்கிற்று என்னும் முடிபுக்கு அவர்கள் வந்தனர். பனிக்கட்டிக் குறைவின் பங்கு மிகச் சிறிதென்பது அவர்களது கணிப்பு.

மூன்றாவது ஆட்சேபம் பௌதிகவியல் சார்ந்தது. தெற்கே வரும் குளிர் எங்கிருந்து வருகிறது? நீண்ட முனைவு இரவிலே வெண்பனி மூடிய நிலத்தின் மேல் தேங்கிக் குளிர்ந்த வளியே அது. தேங்குமிடம் வெப்பமடைந்தால், அங்கிருந்து புறப்படும் வளியும் முன்போலக் குளிர்ந்திராது. கிணற்று நீர் சூடேறிவிட்டால், எத்துணை விரைவாக இறைத்தாலும் வாளியிலே குளிர்ந்த நீர் வாராது. வடக்குக் காற்றுக்கும் தெற்குக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு குறையவே, இடை அகலக்கோடுகளின் வெப்பநிலை ஏற்ற இறக்கமும் குறையும் என்பதை ஸ்கிறீன் 2014 இல் எடுத்துக்காட்டினார். அருவித்தாரையின் கணக்கும் மேற்கூறிய அளவு எளிதன்று. நிலத்தை அடுத்த வளியில் முனைவு கூடுதலாக வெப்பமடைகிறது. ஆனால் அருவித்தாரை ஓடும் உயரத்திலே அயனப் பிரதேசமே கூடுதலாக வெப்பமடைய வேண்டும் என்பது கோட்பாடு. கீழே தளர்த்தும் கை ஒன்று, மேலே இறுக்கும் கை மற்றொன்று. இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைப்பது விளக்கமாகாது. அருவித்தாரையின் அலைகள் பெருத்தன என்னும் முதற்கூற்றே அளவிடும் முறையைச் சார்ந்தது என எலிசபெத் பாண்ஸ் 2013 இல் எடுத்துக்காட்டினார். அலைகளின் வீச்சிலே ஆட்டிக் வெப்பமடைதலின் செல்வாக்குப் புறக்கணிக்கத்தக்கது என்பது 2020 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின் முடிபு.

இவற்றுக்கு மறுமொழி இல்லாமலில்லை. மாதிரியுருக்கள் இயற்கையின் துலங்கலைக் குறைத்தே காட்டுகின்றன. அவதானிப்புகளோ வலுவான தொடர்பையே சுட்டுகின்றன என்று ஜூடா கோயென் முதலியோர் வாதிடுகின்றனர். படைமண்டலச் சுழல் நீட்சியுறுவதையும், அதற்கும் அமெரிக்காவின் குளிருக்கும் உள்ள தொடர்பையும் அவர்கள் 2021 இல் விரிவாக ஆராய்ந்தனர். படைமண்டலம் திடீரென வெப்பமுறுதலை 1952 இல் பேர்லினிலே செர்காக் கண்டறிந்த நாள்முதல், மேல்வளியின் குழப்பம் கீழிறங்கி வானிலையை மாற்றுவது படிப்படியாகத் தெளிவாகியுள்ளது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுழல் சிதைந்தால் தெற்கு குளிரலாம் என்பது ஒரு கூற்று. ஆட்டிக் வெப்பமடைவதால் சுழல் முன்னிலும் கூடுதலாகச் சிதைகிறது என்பது முற்றிலும் வேறான மற்றொரு கூற்று. முன்னதற்குரிய சான்றைப் பின்னதன் கணக்கிலே வரவு வைப்பதே இவ்விவாதத்தில் அடிக்கடி நிகழும் மோசடி. பதினாறு மாதிரியுருக்களை ஒரே சோதனையிலே ஒப்பிட்டு 2022 இல் வெளிவந்த ஆய்வு, எதிர்காலக் கடற்பனி இழப்பினால் மேலைக் காற்றுகள் தளர்வது உறுதியே எனினும் அத்தளர்ச்சி சிறிது என்றது. இரு சாராரும் ஒருங்கிருந்து 2020 இல் எழுதிய மீளாய்வோ, அவதானிப்பும் மாதிரியுருவும் முரண்படுவதை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தது. அறிஞரே இன்னும் ஒருமிக்காத இடத்தில், அறிஞரின் பெயரால் தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை ஏனையோருக்கு வழங்கியவர் யார்?

இங்கே சிலர் வேறோர் வாதத்தை மெல்ல முன்வைப்பர். கருதுகோள் உறுதியாகாவிட்டால்தான் என்ன? வெப்பமடைதலின் ஆபத்தை மக்கள் உணர வேண்டும். குளிரால் நடுங்குபவனுக்கு அக்குளிரைக் கொண்டே உணர்த்தலாமே என்பர். இது பிரசாரகனின் நியாயம், ஆசிரியனின் நியாயமன்று. மேலும் பிரசாரமாகவும் அது பயன்படாது. வெப்பம் வந்தாலும் உலகம் வெப்பமடைகிறது, குளிர் வந்தாலும் உலகம் வெப்பமடைகிறது எனக் கேட்ட பாமரன், எது வந்தால் நீங்கள் கூறுவது பிழையாகும் என்று வினவுவான். அவ்வினா அறியாமையிற் பிறந்ததன்று. விஞ்ஞானத்தின் முதல் வினாவே அதுதான். எதனாலும் பொய்ப்பிக்கப்படாத கூற்று எதனையும் விளக்குவதில்லை. அடுத்த பத்தாண்டின் குளிர்காலங்கள் மென்மையாக அமைந்து, இக்கருதுகோள் கைவிடப்பட நேரின், அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட பேருண்மையும் மக்கள் மனத்திற் சரியும். இன்ஹோவின் வழித்தோன்றல்கள் காத்திருப்பது அந்த நாளுக்கே.

ஆனால் மிகப் பெரிய கேடு கருத்துலகிலன்று, மனித வாழ்விலேயே நிகழ்கிறது. 2021 பெப்ரவரியிலே ரெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய குளிரை எண்ணிப் பார்க்க. நாற்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் மின்சாரம் இழந்தன. மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கின்படியே 246 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் உடல் விறைத்து இறந்தவர்கள். அந்நாட்களிலும் அதன் பின்னரும் உலகெங்கும் நடந்த விவாதம் எதனைப் பற்றியது? முனைவுச் சுழலைப் பற்றியது. ஆட்டிக் தான் இதனைச் செய்ததா, இல்லையா என்பது பற்றியது. டலஸ் - போட் வேர்த் பகுதியில் அப்போது பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18.9 பாகை, 1899 இல் அங்கே பதிவானது 22.2 பாகை. அதாவது, வந்த குளிர் அந்நிலம் காணாத குளிரன்று. 1989 டிசெம்பரிலும் 2011 பெப்ரவரியிலும் குளிரால் மின்நிலையங்கள் உறைந்து செயலிழந்தன. 2011 இன் பின்னர், அமெரிக்க மத்திய ஆணைக்குழுவின் அறிக்கை, நிலையங்களையும் எரிவாயுக் குழாய்களையும் குளிர்தாங்க ஆயத்தஞ் செய்யுமாறு பரிந்துரைத்தது. 1989 இற்குப் பின்னரும் அத்தகைய பரிந்துரைகள் செய்யப்பட்டிருந்ததை அவ்வறிக்கையே சுட்டிற்று. பரிந்துரைக்கு உடன்படுவது கட்டாயமாக்கப்படவில்லை. செலவு மிகும் என்பதே தடையாயிருந்தது. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்வழங்கும் வலையமைப்போ அயல் மாநிலங்களோடு போதிய இணைப்பின்றித் தனித்து நின்றது. அதே மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோ நகர், 2011 இன் பட்டறிவால் நிலையங்களைச் செப்பனிட்டிருந்தது. மேற்கத்திய வலையமைப்போடு இணைந்துமிருந்தது. அங்கே விளக்குகள் பெரும்பாலும் அணையவில்லை.

அந்த 246 பேரின் சாவுக்குக் காரணம் வானத்திலே தேடப்படலாமா? தேடினால் மகிழ்பவர் யார்? முனைவு எவருக்கும் கீழ்ப்படிவதில்லை; அதனை விசாரணைக் கூண்டில் நிறுத்தவும் இயலாது. முன்னொருபோதும் நிகழாதது நிகழ்ந்துவிட்டது என்னும் வாய்பாடு, முன்னரே இருமுறை எச்சரிக்கப்பட்டோருக்குக் கிடைத்த நற்சான்றிதழாகும். அவ்வாண்டே மாநிலச் சட்டசபை நிலையங்களைக் குளிருக்கு ஆயத்தஞ் செய்தலைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியமை, செய்யக்கூடியதாயிருந்தது எது என்பதற்குச் சான்று. இன்னொரு விபரீதமும் உண்டு. குளிர் அலைகள் பொதுவிலே குறைந்துவரும் உலகில், அவை முற்றாக ஒழிந்துவிடப் போவதில்லை. அரிதாகும் குளிரே ஆயத்தமற்றோரைக் கொல்லும். இதுவே மக்களுக்குக் கூறவேண்டிய செய்தி. குளிர் பெருகப் போகிறது என்று அச்சுறுத்துவோரும், குளிரே இல்லாதொழியும் என்று ஆறுதல் கூறுவோரும் இச்செய்தியை ஒருங்கே மறைக்கின்றனர்.

பனியே பெய்யாத நாட்டிலிருந்துகொண்டு இவற்றையெல்லாம் ஏன் எழுதவேண்டும் என்று வினவுவோர் இருக்கலாம். ஆசியாக் கண்டத்தின் குளிர்கால உயரமுக்கமே நமது வடகீழ்ப் பருவக்காற்றின் பிறப்பிடம் என்பதை நினைவுபடுத்தினால், வடக்கின் குளிரிலிருந்து நாம் முற்றாகத் துண்டிக்கப்பட்டவர்களல்லர் என்பது விளங்கும். ஆயினும் அதனினும் முக்கியமான காரணம் வேறு. விஞ்ஞானத்தைத் தமிழிற் பயிலும் நாம், பிற நாடுகளில் உருவாகும் கருத்துகளைப் பெரும்பாலும் செய்தி வழியாகவே பெறுகிறோம். செய்தி கடல் கடந்து வரும்போது முதலில் உதிர்வது 'இருக்கலாம்' என்னும் சொல். மூலக் கட்டுரையிலே 'இருக்கலாம்' என நிற்பது, செய்தித்தாளிலே 'இருக்கிறது' ஆகிறது. மொழிபெயர்ப்பிலே 'இருக்கவே செய்யும்' ஆகிவிடுகிறது. வகுப்பறைக் குறிப்பேட்டில் அது பரீட்சைக்குரிய விடையாக உறைந்துபோகிறது. ஐயத்தை இறக்குமதி செய்யாமல் முடிபை மட்டும் இறக்குமதி செய்யும் கல்வி, புதிய வேதபாராயணமேயன்றி விஞ்ஞானமாகாது. நமது மொழியிலே விஞ்ஞானம் வளர வேண்டுமென விரும்புவோர், கலைச்சொற்களை ஆக்குவதோடு அமையாது, ஐயத்தின் அளவைத் துல்லியமாக உரைக்கும் ஆற்றலையும் ஆக்கிக்கொள்ள வேண்டும். உறுதி, பெரும்பாலும் உறுதி, ஐயம், அறியோம் என்னும் நான்கு படிகளையும் வேறுபடுத்திக் கூறத் தமிழுக்கு இயலாமையில்லை. கூறுவோருக்கு மனம் வேண்டும்.

அவ்வாறு படி பிரித்து நோக்கின், இன்றைய நிலை பின்வருமாறு அமையும். ஆட்டிக் உலகச் சராசரியிலும் பன்மடங்கு விரைவாக வெப்பமடைகிறது: உறுதி. மனிதர் எரிக்கும் எரிபொருளே அதன் முதன்மைக் காரணம்: உறுதி. கடுங்குளிர் நிகழ்வுகள் பொதுவிலே குறைந்துவருகின்றன: உறுதி. படைமண்டலச் சுழலின் சிதைவு சில வாரங்களின் பின் தெற்கிலே குளிரைக் கொணர வல்லது: பெரும்பாலும் உறுதி. ஆட்டிக் வெப்பமடைதல் தெற்கின் கடுங்குளிரைப் பெருக்குகிறது: ஐயம். குறித்த ஒரு நாளின் குறித்த ஒரு குளிரலையைக் காட்டி, இதனை ஆட்டிக் தான் அனுப்பிற்று என்பது: அறியோம்.

இந்த ஆறு வரிகளுள் இறுதி இரண்டையும் முதல் மூன்றின் வரிசையிலே கொண்டுபோய் வைப்போரை நோக்கியே இக்கட்டுரை எழுதப்பட்டது. அவர்களுள் நண்பர்களும் உளர்; ஆசிரியர்களும் உளர். வெப்பமடையும் உலகைப் பற்றிய அவர்களது கவலையை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். அக்கவலைக்குரிய சான்றுகளோ நூறாண்டு காலமாக அளந்து திரட்டப்பட்டவை. கடலிலும் பனியிலும் வளியிலும் எழுதப்பட்டவை. அவற்றுக்கு ஒரு வாரக் குளிரின் துணை வேண்டியதில்லை. செனற் சபையிலே காட்டப்பட்ட பனியுருண்டை அன்று மாலையே உருகியிருக்கும். எமது கையில் உள்ளதையும் நாமே கீழே வைத்துவிடுவோம்.